முதலில் கூப்பிட்ட பெயர்

தோற்றுப்போய் வீடு திரும்பிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஜெயித்த நாளைக் கேட்கவில்லை. அதை நாம் கேட்காமலேயே சொல்லிவிடுவோம், அதுவும் கொஞ்சம் கூட்டியே. அறுபதைத் தாண்டிய நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டால் பந்திக்கு எழுந்திருக்கும்வரை அந்தப் பேச்சுதானே. தோற்ற அன்று எந்த முகத்தோடு வாசற்படி ஏறினீர்கள் என்று கேட்கிறேன். நான் ஏறியது மாலையும் கழுத்துமாக.

தோற்றவளுக்கு ஏது மாலை என்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய்தான். போன மாதம் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போய்விட்டு வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காப்பி போடப் போகிறேன், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், பால் பொங்கி வழிகிறது. மருமகள் ஒருமுறை கேட்டாள், "அத்தை, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று. ஆனது இப்போது இல்லை, எனக்குப் பதின்மூன்று வயதில் ஆனது.

எங்கள் ஊர் பள்ளங்கிக்குப் பக்கத்தில், சரிவில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் பூண்டு நடவு. விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மாதக்கணக்கில் புகை குடித்த பூண்டை இறக்கிப் பல் பல்லாகப் பிரிக்கிற வேலை வீட்டிலிருக்கிற எல்லாருக்கும் உண்டு. எங்கள் பாவாடை தாவணி, நோட்டுப் புத்தகம், தலைமுடி எல்லாம் அந்த வாசம்தான். நாங்கள் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே இருக்கிற பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும்.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண் பிள்ளைகள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகள். அவர் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். வந்து நாலு வருஷமாகியும் ஊரில் அவருக்குச் சிலோன்காரர் என்றுதான் பெயர். மகளைச் சிலோன்காரர் மகள் என்போம். அவள் டீயைத் தேத்தண்ணி என்பாள், பேசுவதைக் கதைப்பது என்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் கூடவே சிரித்துவிட்டு மறுபடியும் தேத்தண்ணி என்பாள்.

இன்னொரு சங்கதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்ததும் பிரசாதத் தட்டு கொடுக்க வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் ஊர்ப் பெரியதனக்காரர் வீடு. இரண்டாவது பூசாரி வீடு. மூன்றாவது நாங்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு திரும்பும்வரை தரையைப் பார்த்தபடி நிற்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அவரோடு யாரும் பேச முடியாது. அவருடைய அப்பாவும் அப்படித்தான் நின்றாராம். முதலில் கூப்பிட்டால் முதல் மரியாதை, மூன்றாவதாகக் கூப்பிட்டால் மூன்றாவது மரியாதை. கூப்பிடுவதில் வேறு ஒரு முறை உலகத்தில் இருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்த ஐப்பசியில்தான் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, உழவின் பெருமை. முதல் பரிசு வாங்குகிறவர் மறு சனிக்கிழமை பழனியில் நடக்கும் பெரிய போட்டியில் பேச வேண்டும். தமிழ் ஐயா எனக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். "ஏர்" என்று வரும்போது வலது கையை உயர்த்து, "தாயினும் மேலான மண்" என்றதும் நிறுத்து, கைதட்டல் வரும், தட்டி முடித்ததும் தொடங்கு. இப்படி ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வேறு. சிலோன்காரர் மகளும் பெயர் கொடுத்திருந்தாள். அவளிடம், "உன் பேச்சு வாடையே வேற மாதிரி இருக்கேம்மா. நீயே ஏதாவது எழுதிக்க" என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல மனிதர்தான். மேடையில் எப்படி நிற்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார், தோற்றால் எப்படி நிற்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

போட்டியன்று அப்பா வந்திருந்தார். டவுனில் காய்கறி மூட்டை இறக்குகிற சோலி. அதை முடித்துவிட்டு, தோளில் கம்பளியோடு, மண்டபத்தின் பின் கதவோரம் நின்றார். நான் தொண்டை கிழியப் பேசினேன். "தாயினும் மேலான மண்" என்று சொல்லி நிறுத்தினேன். கைதட்டல் வரவில்லை. தட்டி முடித்ததும் தொடங்கு என்றுதானே குறிப்பு? நானும் காத்துக்கொண்டே நின்றேன். கடைசியில் பின் கதவோரம் இரண்டே கைகள் தட்டின. அது யார் என்று எனக்குத் தெரியும். மீதிப் பேச்சு எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியாது.

அடுத்து அவள் போனாள். மேடையில் ஏறியதும் இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திக் காட்டினாள். "எல்லாருக்கும் வணக்கம். நேத்து வரைக்கும் நான் பூண்டுப் பல்லு பிரிச்சேன். என் விரலப் பாருங்க" என்றாள். விதைப்பூண்டு பிரித்தவர்களுக்குத் தெரியும், பத்து நாளில் பூண்டுச் சாறு விரல்நுனியைப் பொசுக்கித் தோல் உரிந்துவிடும். "போன வருஷம் ஒரு ஆபீஸ்ல எங்கம்மாகிட்ட கைநாட்டுக் கேட்டாங்க. வச்சா ரேகையே விழல. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவ அம்மா சொன்னாங்க, ஐயா, நடவு முடியட்டும், ரேகை திரும்பி வந்ததும் நான் வாறேன்னு." அவள் கைதட்டலுக்காக எங்கேயும் நிற்கவில்லை. முடித்துவிட்டுக் கும்பிட்டபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

தோற்றுவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நானும்தானே பூண்டு பிரித்தேன், என் விரலும்தானே உரிந்திருக்கிறது, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பெஞ்சின் அடியில் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பரிசு அறிவிக்க ஒலிபெருக்கியைப் பிடித்த விருந்தாளி, எத்தனையாவது பரிசு என்று சொல்லாமல், முதலில் என் பெயரை மட்டும் வாசித்தார். நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், மூன்றாம் பரிசிலிருந்து மேலே போவது. என்னைச் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு பெயரையும் வாசிக்காமல் தன்னுடைய பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா நின்ற இடம் காலியாகக் கிடந்தது. ஊருக்குக் கிளம்பிய காய்கறி லாரியை ஓடிப் பிடித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கிடைத்தது ரோஸ் நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அவளுக்கு எவர்சில்வர் தட்டு, ஓரத்தில் புள்ளி புள்ளியாக 'முதல் பரிசு' என்று வெட்டியிருந்தது. இரண்டையும் ஒரே மாதிரி கலர்த்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன், விட்டேன், செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ நடுவுல நிறுத்தினியே, அங்க நான் கைதட்டியிருக்கணும். எனக்கு வெளங்கல. மன்னிச்சுக்க."

ஜெயித்தவள் கர்வமாக இருந்தால் திட்டிக்கொண்டாவது வந்திருக்கலாம். அவள் அந்த வசதியையும் எனக்குக் கொடுக்கவில்லை.

பஸ் ஊருக்குள் வளைந்தபோது மூடுபனிக்குள் மேளச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தேன். என் விசேஷம்தான். இறங்குவதற்குள் பெரியதனக்காரர் என் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டார்.

"மலைக்காட்டுல இருந்து போயி டவுன் பிள்ளைகளத் தோக்கடிச்சிருக்க. எம்புட்டுப் பெரிய விசயம்!"

அப்பா நடுவில் நின்றார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "மொதப் பேரே எம்மக பேருதாங்க. மைக்குல சொன்னாக, எங்காதால கேட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்கு மட்டும் பூசாரி எங்கள் வீட்டுப் பெயரை முதலில் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா இரண்டு கையாலும் பிடுங்குகிற மாதிரி தட்டை வாங்கியதில் தேங்காய் மூடி கீழே உருண்டது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு என் வாய் திறக்கவில்லை.

சிலோன்காரர் மகள் பஸ்ஸின் பின்படியில் இறங்கி, கூட்டத்தோடு கோயில் வாசல்வரை வந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. "உனக்கு என்ன புள்ள தந்தாங்க?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் மாலையைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய்க் காட்டுறேம்மா" என்றாள். பிறகு பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து எனக்காகத் தட்டினாள்.

அப்பா அதைக் கவனித்துவிட்டார். சந்தோஷத்தில் இருக்கிற மனிதர் தாராளமாகப் பேசுவார் அல்லவா? அவள் தலையில் கை வைத்து, "நீயும் பேசினியாக்கும்? வெசனப்படாத தாயி. எம்மக எப்பிடிப் பேசுறான்னு பாத்துப் பழகிக்க, அடுத்த வருசம் உனக்கும் கெடைக்கும்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் "சரிங்க" என்னைத் தூங்க விடுவதில்லை.

வீட்டில் அம்மா கலர்த்தாளைப் பிரித்தாள். சோப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொதப் பரிசுக்கு இதையா குடுத்தாக?" என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். டப்பாவைக் குதிருக்குப் பின்னால் வைத்தாள். பரிசு எங்கே என்று அப்பா கேட்டபோது, "கோப்பையப் பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கிட்டாகளாம்" என்று அம்மாவே சொன்னாள். எனக்காகச் சொன்னாளா, அப்பாவுக்காகச் சொன்னாளா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

அந்த ஒரு வாரம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அப்பா யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். விதை வாங்க வந்தவர், லாரி டிரைவர், கறி கூறு போட வந்தவர், எல்லோர் முன்னாலும் தோற்ற பேச்சை ஜெயித்தவளாக நின்று பேசினேன். "தாயினும் மேலான மண்" என்று நிறுத்தினால் இப்போது எல்லோரும் பலமாகத் தட்டினார்கள். நகத்தைக் கடித்துக் கடித்து நாக்கெல்லாம் பூண்டுக் காரம். பள்ளிக்கூடத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முன் பெஞ்சுக்கு மாறினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். நடவு பாதிதான் முடிந்திருந்தது. சிலோன்காரர் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றார்.

"ஐயா, சனிக்கெழம ஒருநாள் லீவு வேணும். பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கீழ போகணும்."

"அன்னைக்கா? அன்னைக்கு நானே எம்மகளக் கூட்டிட்டுப் பழனிக்குப் போறேன்யா. ஜீப்புக்குச் சொல்லியாச்சு. நீயும் இல்லேன்னா நடவ யாரு பாக்குறது? விதை முளை விட்டுக் கெடக்கு."

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் கூட்டி வர வேண்டும் என்று தமிழ் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் போகாவிட்டால் அவள் போக முடியாது. சிலோன்காரருக்கு எல்லாம் தெரியும், தட்டு அவர் வீட்டில்தானே இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "சரிங்க ஐயா" என்றார். மகள் எங்கே கற்றாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து நேராகத் தோட்டத்துக்கு ஓடினேன். பாத்தி ஓரமாகப் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து பல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா வரப்பில் நின்றார், பக்கத்தில் சிலோன்காரர். தனியே கூப்பிட்டுச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, மேடைக் குரலில் கத்தினேன்.

"எனக்குக் கெடச்சது மூணாம் பரிசு! மொதப் பரிசு சிலோன்காரர் மகளுக்கு!"

குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்பாவுக்கு விளங்க நேரமாயிற்று.

"உம்பேரத்தானத்தா மொதல்ல கூப்புட்டாக?"

"கடைசிப் பரிசத்தான்ப்பா மொதல்ல கூப்புடுவாக."

"இது என்னத்தா மொற?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே கேட்டார். பிறகு மெல்ல, "அப்ப அங்கயும் மூணாவதுதானா" என்றார். அடித்திருந்தால் தேவலை. அந்தக் குரலைக் கேட்டதும் ஏன் சொன்னோம் என்றிருந்தது.

சிலோன்காரர் பக்கம் திரும்பினார். "நீ ஏன்யா சொல்லல?"

"ஊரே மேளங்கொட்டி நிக்குது. நீங்க சிரிச்சு நாங்க அன்னைக்குத்தானுங்க பாக்குறோம். எப்பிடிங்க ஐயா சொல்றது?"

அப்பா ஒரு பெண்ணின் கையிலிருந்த விதைக்கூடையை வாங்கிக்கொண்டார். "ஜீப்பு நாளைக்கு அஞ்சு மணிக்கு வரும். நீங்க ரெண்டு பேரும் ஏறிக்கங்க. நடவ நான் பாத்துக்கிறேன். வெரசாக் கெளம்பிருங்க, மலை எறங்கணும்" என்றார். சனிக்கிழமை முழுக்க அவரே குனிந்து பல் ஊன்றினார். நானும் கூடவே ஊன்றினேன்.

ஜீப் கீழே இறக்கிவிடுவதோடு சரி, திரும்புவது பஸ்ஸில்தான் என்பதால் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். கைதட்ட வேண்டும் என்று முடிவு செய்துவைத்திருந்தேன். அவள் பின்படியில் இறங்கினாள். கையில் பொட்டலம் எதுவும் இல்லை, சின்னப் பஞ்சாமிர்த டப்பா மட்டும் இருந்தது.

"என்னாச்சு?"

"தோத்துட்டேன். ஆறுதல் பரிசுகூட இல்ல" என்று சிரித்தாள். "அங்க ஒரு பிள்ளை என்னமாப் பேசிச்சு தெரியுமா! நீ கேட்டிருக்கணும்." டப்பாவை என்னிடம் நீட்டினாள். "இது உனக்கு."

உண்மையைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தோற்றது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோட்டத்தில் நின்று கத்தியபோது வந்த நல்ல பெயரெல்லாம் அந்த ஒரு நொடியில் போயிற்று, என் கணக்கில். அந்தப் பஞ்சாமிர்தத்தை அங்கேயே நின்று வழித்துத் தின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஜீப்பை அனுப்பினாரே தவிர, பெரியதனக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லவில்லை. நடவுக்கு வந்த பெண்களும் வெளியே மூச்சு விடவில்லை. அடுத்த திருவிழாவில் எங்களை மறுபடி மூன்றாவதாகவே கூப்பிட்டார்கள், அப்பா தரையைப் பார்த்து நின்றார். பல வருஷம் கழித்து அப்பா இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர், "பேச்சுல மொதப் பரிசு வாங்குன பிள்ளைதான?" என்றார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. சிலோன்காரர் குடும்பம் இரண்டு வருஷத்தில் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனது. அதன் பிறகு எங்கே என்று தெரியாது. சோப்பு டப்பா மூடி உடையும்வரை அம்மாவிடம் இருந்தது.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டு, பரிசு அறிவிக்கும் டீச்சரிடம் கேட்டேன், "முதல் பரிசை முதல்ல சொல்லிடுங்களேம்மா" என்று. "ஐயோ மேடம், சஸ்பென்ஸ் போயிடும்ல?" என்று அவர் சிரித்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். மூன்றாம் பரிசுப் பெண்ணின் பெயரைச் சொன்னார். நான் பின் கதவைப் பார்த்தேன். அங்கே ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்ற ஒருவர் சட்டென்று திரும்பி வெளியே ஓடினார்.

எனக்கு முழங்கால் சரியில்லை. அதெல்லாம் அப்போது நினைவில்லை. நடுவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, எல்லோரும் பார்க்க நடுவழியில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்த மனிதர் வராந்தாவில் போனை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இருங்க, இருங்க! இன்னும் ரெண்டு பேர் இருக்கு. இது முதல் பரிசு இல்ல, மூணாவது!"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"தெரியுங்கம்மா, மூணாவதுதான்" என்றார். "அதச் சொல்லத்தான் அவ அம்மாவுக்குப் போன் போடுறேன். இருங்க, எடுத்துட்டா." பிறகு போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார். "ஏ, நம்ம புள்ள மூணாவது! மூணாவது வந்துட்டா!"

உள்ளே அடுத்த பெயரை வாசித்தார்கள். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.